பஞ்சும் பஞ்சமும்: லங்காஷயர் தொழிலாளரும் கரிசல் சனமும்

2009 ஜனவரி கடைசி. பாளையங்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். வன்னிச் சனங்கள் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது. தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்திருந்தார்கள். அரசாங்கம் கல்லூரிகளை மூடிவிட்டது. நானும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். சும்மா இருக்க மனசு வரவில்லை. பால்பவுடர் டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, காகிதம் ஒட்டி, நானும் சேரிப் பிள்ளைகள் மூன்று பேரும் உண்டியல் தூக்கினோம்.

முதலில் ஊர்த்தெருவுக்குள் போனோம். போட்டார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். திண்ணையில் நின்றபடியே மேலேயிருந்து காசை விட்டார்கள். காசு டப்பாவுக்குள் விழுந்தது. கை டப்பாவில் படவில்லை. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்தோம். பிறகு சேரிக்கு வந்தோம். என் பாட்டி அன்றைக்குப் பருத்தி எடுக்கப் போய்விட்டு வந்திருந்தாள். சுருக்குப்பையை அவிழ்த்து இருபது ரூபாய் எடுத்துப் போட்டாள். பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ தாயி, கொடியங்குளத்துல போலீஸ்காரன் பூந்து வீடு வீடா ஒடைச்சானே, அப்ப எவன் தூக்குனான் உண்டியலு? தாமிரபரணியில பதினேழு உசுரு போச்சே, இந்த ஊர்த்தெருவுல ஒரு வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியாம இருந்துச்சா? நமக்குன்னா எவனும் வரமாட்டான். நாம மட்டும் ஊருக்கெல்லாம் போகணுமாக்கும்?"

நான் பாட்டியைப் பார்த்தேன். அவள் சுருக்குப்பையை இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் போடுறதப் போட்டாச்சு. அவன் கேட்டதுக்கு நீ பதில் சொல்லு தாயி, படிச்சவ நீதான்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சித்தப்பா சொன்னது முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. 1995இல் கொடியங்குளத்துக்கும், 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளின் ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் அடித்து நொறுக்கப்பட்டபோதும் நம்மோடு நின்ற வெளியாட்கள் உண்டு. ஆனால் எங்கள் ஊர்த்தெரு வரவில்லை. ஈழத்துக்காகத் தட்டி கட்டிய அதே பையன்கள் அதே வாரம் டீக்கடையில் எங்களுக்கான தனிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டுதான் டீ குடித்தார்கள். அப்படியானால் தோழமை என்பது என்ன? அதை யார் யாருக்குக் கொடுப்பது? தன் வயிறு காய்கிறபோது எங்கோ இருக்கிற சனத்துக்காக ஒருவன் நிற்க முடியுமா? நின்றிருக்கிறானா?

இந்தக் கேள்வியோடு படித்தபோதுதான் லங்காஷயர் கதைக்குள் போய்ச் சேர்ந்தேன். அது பருத்திக் கதை. பருத்திக் காட்டில் மடி கட்டி நின்ற பாட்டியின் பேத்திக்கு அது அந்நியக் கதையாகத் தெரியவில்லை. தொழிற்சங்கக் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அதில் சொல்லாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் நிற்பவர்கள் நாம்.

*

லங்காஷயர் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது. மான்செஸ்டர், ரோச்டேல், பிளாக்பர்ன், ஓல்டாம், பிரெஸ்டன் என்று ஊருக்கு ஊர் ஆலைப் புகைபோக்கிகள். 1860 வாக்கில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே பருத்தி ஆலைகளில் வேலை பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்த மண்ணில் ஒரு பருத்திச் செடிகூட விளையாது. ஆலைக்கு வந்த பஞ்சில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் விளைந்தது. அங்கே அதை எடுத்தவர்கள் அடிமைகள். அன்றைக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் விலைக்கு வாங்கி விற்கப்படும் சொத்தாக இருந்தார்கள்.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமைமுறையைக் காப்பாற்றத்தான் தென்மாநிலங்கள் பிரிந்தன. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் தெற்குத் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிட்டார். பஞ்சு ஏற்றிய கப்பல்கள் வெளியேற முடியவில்லை. லங்காஷயர் ஆலைகளில் சக்கரம் ஒவ்வொன்றாக நின்றது. முதலாளிகளுக்கு உடனே அடி விழவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விற்க முடிந்த அளவுக்கு மேல் நெய்து குவித்திருந்தார்கள். விலை ஏறியதும் கையிருப்பை விற்று லாபம் பார்த்தவர்கள் உண்டு. தொழிலாளிக்குக் கையிருப்பு ஏது? 1862 டிசம்பரில் லங்காஷயர் வட்டாரத்தில் நிவாரணம் வாங்கி உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கை 5 லட்சத்தை நெருங்கியது.

அந்த நிவாரணம் வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவான் என்பது அந்த நாட்டு ஏழைச் சட்டத்தின் நம்பிக்கை. நூல் நூற்ற விரல்களைக் கல் உடைக்கச் சொன்னார்கள். பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுக்கச் சொன்னார்கள். பெண்களைத் தையல் வகுப்பில் உட்கார வைத்து அதற்குக் கூலி கொடுத்தார்கள். படுக்கையும் பாத்திரமும் அடகுக்கடைக்குப் போயின. ரோச்டேலுக்கு மேலே ரூலி மூர் என்கிற மேட்டில் அன்றைக்கு வேலையற்ற தொழிலாளிகளை வைத்துக் கல் பாவிய சாலை ஒன்று இருக்கிறது. அதைப் பஞ்சுப் பஞ்சச் சாலை என்றுதான் அங்கே இன்றும் சொல்லுகிறார்கள். பஞ்ச காலத்தில் மண் சுமக்க வைத்துக் கஞ்சி ஊற்றிய கதை நம் கிழவிகளிடமும் உண்டு.

இந்தப் பசிக்கு ஒரு மருந்தை அரசியல்வாதிகள் சிலரும் பத்திரிகைகள் சிலவும் சொன்னார்கள். பிரிட்டன் தென்மாநிலங்களைத் தனி நாடாக ஏற்றுக்கொள்ள வேண்டும், கடற்படையை அனுப்பி முற்றுகையை உடைக்க வேண்டும், பஞ்சு வரும், அடுப்பு எரியும். லிவர்பூல் வியாபாரிகளில் பெரும்பாலோர் தெற்கின் பக்கம். அந்த ஆற்றின் எதிர்க்கரையிலேதான் தென்மாநிலங்களுக்கு 'அலபாமா' என்கிற போர்க்கப்பலைக் கட்டிக் கொடுத்தார்கள். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1862 அக்டோபரில் மேடையேறி, தெற்கின் தலைவர்கள் ஒரு தேசத்தையே உண்டாக்கிவிட்டார்கள் என்கிற பொருளில் பேசினார். மந்திரிசபைக்குள்ளும் தலையிடுவது பற்றிப் பேச்சு நடந்தது. மான்செஸ்டரிலேயே வெளிவந்த கார்டியன் பத்திரிகை லிங்கனை ஆதரிக்கவில்லை. ஆலைத் தொழிலாளியின் பசியைக் காட்டித்தான் இவ்வளவும் நடந்தது. 'பாவம், உன் பிள்ளை பட்டினி கிடக்கிறது, அடிமையைப் பற்றி உனக்கென்ன?' இதுதான் அவன் காதில் ஓதப்பட்டது. சித்தப்பாவின் கேள்வியும் கேட்பதற்கு இதைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஓதியவன் வயிறு நிறைந்தவன். சித்தப்பா அப்படியில்லை.

1862 டிசம்பர் 31 இரவு. மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால் மண்டபத்தில் தொழிலாளிகள் கூடினார்கள். அந்த மண்டபம் நின்ற இடத்துக்கே ஒரு கதை உண்டு. 1819இல் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய சனத்தைக் குதிரைப் படையை ஏவி வெட்டிச் சாய்த்த பீட்டர்லூ மைதானம் அது. 43 வருஷம் கழிந்தும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுக் கிடைத்திருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் கை தூக்க வழியில்லாதவர்கள் மண்டபத்தில் கை தூக்கினார்கள். முற்றுகையை உடை என்று அவர்கள் கேட்கவில்லை. அடிமைமுறையை ஒழிக்கும் பக்கம் நிற்கிறோம் என்று லிங்கனுக்கு ஒரு மடல் எழுதினார்கள். மறுநாள் 1863 ஜனவரி 1. கிளர்ச்சி மாநிலங்களில் உள்ள அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்ற லிங்கனின் பிரகடனம் நடைமுறைக்கு வரும் நாள். அந்தப் பிரகடனம் எல்லா அடிமைகளையும் விடுவிக்கவில்லை. வடக்கோடு நின்ற எல்லைப்புற அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. முழு ஒழிப்புக்கு 1865 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் போரின் பொருள் அன்றிலிருந்து மாறிவிட்டது.

ஜனவரி 19ஆம் தேதியிட்டு லிங்கன் பதில் எழுதினார். மான்செஸ்டர் தொழிலாளர்கள் படும் துன்பம் எனக்குத் தெரியும், அதற்காக மிகவும் வருந்துகிறேன், நீங்கள் காட்டியது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இதற்கு மேல் காணப்படாத உன்னத வீரம் என்று அதில் சொன்னார். பிப்ரவரியில் 'ஜார்ஜ் கிரிஸ்வோல்ட்' என்கிற கப்பல் மாவுப் பீப்பாய்களோடு நியூயார்க்கிலிருந்து லிவர்பூல் வந்து சேர்ந்தது. போர் நடக்கிற நாட்டிலிருந்து பட்டினி கிடக்கிற ஆலைச் சனத்துக்கு வந்த சாப்பாடு அது. அந்தப் பீப்பாய்களில் ஒன்றை ரோச்டேல் நகரம் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறது.

லிங்கனுக்கு மான்செஸ்டரில் ஒரு சிலை உண்டு. 1986இல் அதை நகர நடுவுக்குக் கொண்டுவந்தபோது அந்தக் கடிதத்தின் வாசகங்களைப் பீடத்தில் பொறித்தார்கள். கடிதத்தில் 'உழைக்கும் ஆண்கள்' என்று இருந்ததைப் பீடத்தில் 'உழைக்கும் மக்கள்' என்று மாற்றினார்கள். பஞ்சாலைகளில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் பட்டினியும் கிடந்தார்கள், பிள்ளைக்கும் பதில் சொன்னார்கள். கடிதத்தில் அவர்கள் ஏற 120 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

இந்தக் கதையை இதோடு நிறுத்தித்தான் மேடையில் சொல்லுவார்கள். உழைப்பவனுக்கு உழைப்பவன் மேல் இயல்பாகவே பாசம் வரும் என்று முடிப்பார்கள். எனக்கு அந்த 'இயல்பாகவே' என்கிற சொல்லில் சந்தேகம். எங்கள் காட்டில் கூலிக்கு வரும் ஊர்ப் பெண்ணும் என் பாட்டியும் ஒரே நிரையில் நின்றுதான் பருத்தி எடுத்தார்கள். தண்ணீர்க் குடம் மட்டும் இரண்டு. ஒரே வேலை செய்வதனால் மட்டும் மனசு ஒன்றாகிவிடாது.

லங்காஷயரில் அந்த மனசை உண்டாக்கியவர்கள் யார்? கடல் தாண்டி வந்த கறுப்பு மக்கள்தான். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845 முதல் 1847 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஊர் ஊராகப் பேசினார். 1859இல் மறுபடியும் வந்தார். ஹென்றி பாக்ஸ் பிரவுன் என்பவர் 1849இல் தன்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடிக்கச் சொல்லி, சரக்கோடு சரக்காகப் பயணம் செய்து தப்பியவர். அவருடைய வரலாறு 1851இல் மான்செஸ்டரில்தான் புத்தகமாக வந்தது. அடிமைமுறையைப் படுதாவில் ஓவியமாகத் தீட்டி எடுத்துக்கொண்டு அவர் நகரம் நகரமாகச் சுற்றினார். 1859இல் சாரா பார்க்கர் ரெமண்ட் வந்தார். சுதந்திரக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். மான்செஸ்டரில் நின்றுகொண்டு, உங்கள் நகரத்துக்கு வரும் இந்தப் பஞ்சின் விலையில் ஒரு செப்புக் காசுகூட அதை எடுத்தவர்கள் கைக்குப் போவதில்லை என்று கேட்பவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்.

பஞ்சு மூட்டைக்குப் பின்னால் ஒரு மனுசி நிற்கிறாள் என்பதை லங்காஷயர் தெரிந்துகொண்டது இப்படித்தான். போர் தொடங்குவதற்குப் பதினைந்து வருஷம் முன்பிருந்தே பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வாயால் பேசி, காட்டி, எழுதி உண்டாக்கிய அறிவு அது. டிசம்பர் 31 கூட்டத்தில் தூக்கிய கைகளுக்கு அடியில் அந்தப் பதினைந்து வருஷ உழைப்பு இருக்கிறது. வரலாற்று நூல்கள் லிங்கன் கடிதத்தைச் சொல்லும் அளவுக்கு சாரா ரெமண்டைச் சொல்லுவதில்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. லங்காஷயர் முழுக்க ஒரே குரலில் பேசவில்லை. தெற்கை ஆதரித்தும், முற்றுகையை உடைக்கக் கோரியும் தொழிலாளர் கூட்டங்கள் நடந்த ஊர்களும் உண்டு. மேரி எலிசன் என்கிற ஆய்வாளர் 1972இல் எழுதிய நூலுக்குப் பிறகு வரலாற்றாளர்களிடையே இது பெரிய வாதமாகவே இருக்கிறது. மறுபக்கம், வடக்கை ஆதரித்து முழங்கிய ஜான் பிரைட் ரோச்டேல் ஆலை முதலாளிக் குடும்பம். 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜில் நிவாரணக் காசுக்குப் பதில் கடைச் சீட்டு கொடுத்தபோது தொழிலாளிகள் கடைகளை உடைத்தார்கள், பட்டாளம் வந்தது. ஆக, அமைதியாகப் பட்டினி கிடந்த தியாகிகள் என்று அவர்களுக்குப் பூமாலை போடுவது பொய். அவர்கள் பசித்தார்கள், கோபப்பட்டார்கள், தங்களுக்குள் பிரிந்து சண்டை போட்டார்கள். அதற்கு நடுவில் கணிசமான பேர், எங்கள் அடுப்புக்காக அவர்கள் விலங்கு இறுக வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். இப்படிப் பார்க்கும்போதுதான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது. தேவர்கள் செய்ததை நாம் செய்ய முடியாது. நம்மைப் போன்ற சனம் செய்ததை நாமும் செய்யலாம்.

*

இனி விட்டுப்போன பக்கம்.

அமெரிக்கப் பஞ்சு நின்றதும் லங்காஷயர் எங்கே திரும்பியது? நம் பக்கம். 1862இல் பிரிட்டனுக்குப் போன பஞ்சில் பெரும்பங்கு இந்தியப் பஞ்சு. அதற்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் சூரத். தூத்துக்குடியில் கப்பலேறிய நம் கரிசல் பருத்திக்குச் சந்தையில் 'தின்னவேலி' என்று தனிப்பெயரும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சூரத் என்றாலே வெறுப்பு. இழை குட்டை. குப்பை, கொட்டை, மண் கலந்தது. நூற்கும்போது அடிக்கடி அறுந்தது. வேலை முடித்த அளவுக்குத்தான் கூலி என்பதால் வாரக் கூலி இறங்கியது. தேவாலயத்தில் ஒருவர், ஆண்டவரே பஞ்சு அனுப்பும் என்று ஜெபித்தபோது, சூரத் மட்டும் வேண்டாம் ஆண்டவரே என்று இன்னொருவர் குரல் கொடுத்ததாக அங்கே ஒரு கதை சொல்லுவார்கள்.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுபோனது. எடை கூட்டுவதற்காக மண் கலந்தது வியாபாரி. பருத்தி எடுத்த பெண்ணுக்கு அதில் என்ன பங்கு? அவள் யார்? அவளுக்கு என்ன கூலி? மான்செஸ்டரில் யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லிக் கொடுக்க ஒரு சாரா ரெமண்ட் அவளுக்கு இல்லை.

1843ஆம் வருஷத்துச் சட்டம் கம்பெனி ஆட்சியில் அடிமைமுறைக்கு நீதிமன்ற ஆதரவு கிடையாது என்று சொல்லிவிட்டது. காகிதத்தில் அடிமை இல்லை. நிலத்தில் பண்ணையாள் இருந்தான், படியாள் இருந்தான். பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அதே காட்டில் அதே வேலையைத்தான் செய்தார்கள். போர் நடந்த வருஷங்களில் பருத்தி விலை பல மடங்கு ஏறியது. லாபம் வியாபாரிக்கும் கடன் கொடுத்தவனுக்கும் சொந்த நிலம் உள்ளவனுக்கும் போனது. கூலிக்காரச் சனத்துக்குத் தானிய விலை ஏறியதுதான் மிச்சம். 1865இல் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு திரும்பியது, நம் பருத்தி விலை விழுந்தது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே வருஷம் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லுவது அதைத்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மட்டும் செத்தவர்கள் 35 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிச் சனம், அதாவது நம் சேரிகள். நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது.

1877இல் லண்டன் மேயர் தொடங்கிய மான்ஷன் ஹவுஸ் நிதியில் 6 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. அதில் இங்கிலாந்தின் சாமானியர் போட்ட காசும் உண்டு. அந்தக் காசால் பிழைத்த உயிர்கள் உண்டு, அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் அதே வருஷம் இந்தியத் துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டேயிருந்தது. 1862 இரவைப் போல ஒரு மண்டபம் நிறையக் கூடி, இந்தக் கப்பலை நிறுத்து, அந்தக் கூலியைக் கூட்டு என்று தன் அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அது வேறு. தருமம் காசோடு முடிகிறது. தோழமைக்குக் காசு போதாது. தன்னுடைய ஆட்களையே எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது. 1862இல் மான்செஸ்டர் தன் வியாபாரிகளை, தன் பத்திரிகையை, தன் மந்திரியை எதிர்த்து நின்றது. அதனால்தான் அது தோழமை.

நம்மவர்கள் அங்கே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்காவின் நல்ல மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தன் நாட்டவரும் அவர்களைப் பார்த்துச் சூத்திரரை விடுவிக்கட்டும் என்பது அவர் ஆசை. லங்காஷயர் நம்மைப் பார்க்காத காலத்திலேயே புனேயிலிருந்து ஒருவர் அந்தப் போராட்டத்துக்குக் கை நீட்டியிருக்கிறார். எவனும் வரட்டும் பிறகு போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

நம் வாய் கடல் தாண்டி லண்டன் மாநாட்டு மேசைக்குப் போனது 1930இல். முதல் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில், இரண்டாம் மாநாட்டுக்கு வந்த காந்தி லங்காஷயருக்குப் போனார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்த அதே ஆலைச் சனம் டார்வென் பக்கத்தில் அவரை ஆரவாரமாக வரவேற்றது. பெரிய மனசுதான். ஆனால் அதே மாநாட்டில் நமக்குத் தனித்தொகுதி கூடாது என்று காந்தி எதிர்த்துக்கொண்டிருந்தார் என்பது கைதட்டிய பெண்களுக்குத் தெரிந்திருக்குமா? யார் போய்ப் பேசுகிறானோ அவன் முகத்தைத்தான் அந்நிய தேசம் பார்க்கும். 1946இல் அண்ணல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். நம் நிலைமை இரண்டும் ஒன்று போல, ஆகவே அதைப் படிப்பது இயல்பு மட்டுமல்ல, அவசியமும்கூட என்று எழுதினார். ஜூலை மாதக் கடைசியில் டுபாய்ஸ் பதில் எழுதினார். பருத்திக் காட்டின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடிதங்கள் என்று நான் அவற்றைச் சொல்லுவேன்.

*

சித்தப்பா இப்போது இல்லை. பாட்டியும் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா, நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கேட்ட இடம் தப்பு. உண்டியலில் இருபது ரூபாய் போட்ட பாட்டியிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. திண்ணையில் நின்று, கை படாமல் காசு போட்டவனிடம் நாம் கேட்டிருக்க வேண்டும். வன்னியில் சாகிறவன் உனக்கு ரத்தம் என்றால், பக்கத்துத் தெருவில் இருக்கிற நான் உனக்கு யார் என்று நான் அங்கேயே டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரியம் கெட்டுவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அதுதான். டக்ளஸும் ரெமண்டும் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் மான்செஸ்டர் கை தூக்கியிருக்காது.

பாட்டி, நீ போட்ட இருபது ரூபாய் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி. அன்றைக்கு வீட்டில் குழம்பு வைக்கவில்லை, எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தவன் வருவானா என்று கணக்குப் பார்க்காமல் நீ போட்டாய். லங்காஷயரில் அன்று கை தூக்கிய பெண்களோடு உன்னை வைத்துத்தான் நான் எண்ணுகிறேன். உன் பேர் எந்தப் பீடத்திலும் ஏறாது.

பிற நாட்டுச் சனத்துக்குப் புயல் என்றாலும் போர் என்றாலும் நம் சேரிகளிலிருந்து இன்னும் காசு போகத்தான் வேண்டும். போகும். ஆனால் அந்த உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போகிற நம் பிள்ளைகள் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு போகக் கூடாது. காசையும் வாங்க வேண்டும், கேள்வியையும் கேட்டுவிட்டு வர வேண்டும். சிலர் கதவைச் சாத்துவார்கள். டப்பா கொஞ்சம் லேசாகத்தான் திரும்பும். பரவாயில்லை.